பதினொரு படுக்கைகள்

கொடையின் வரலாறு: பகுதி 17

சென்ற பகுதியைப் பச்சையப்ப முதலியாரின் உயிலோடு நிறுத்தினோம். 1794இல் அவர் மறைந்தபோது கோயில் கட்டளைகளுக்கும் தருமங்களுக்கும் என்று எழுதிவைத்த பெரும் பணம், பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடமாக மாற 1842 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நடுவில் பூசலும் வழக்கும்தான். அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் முனைந்து நின்றிராவிட்டால் அந்தப் பணம் எந்த மூலையில் கரைந்திருக்குமோ தெரியாது.

இந்தத் தொடரில் இதுவரை வந்துபோன கொடையாளர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கவலை இருந்தது. நாம் கண்மூடிய பிறகு இந்தத் தருமம் நடக்குமா என்ற கவலை. அதனால்தான் நிலத்தை எழுதிவைத்தார்கள், சாசனத்தைக் கல்லில் வெட்டினார்கள், இதைக் கெடுப்பவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தை அடைவான் என்று கடைசி வரியில் சாபத்தையும் சேர்த்துவைத்தார்கள். பல ஊர்களில் கல் இன்னும் நிற்கிறது. நிலம் யார் கையிலோ இருக்கிறது. சத்திரத்தில் உலை வைத்துப் பல தலைமுறை ஆகிறது.

இந்தப் பகுதியின் நாயகருக்கு எழுதிவைக்கும்படியான பெரிய சொத்து எதுவும் இல்லை. 58 வயதில் அரசு வேலையிலிருந்து ஓய்வுபெற்று, மாதாமாதம் வரும் ஓய்வூதியத்தை நம்பி வாழவேண்டிய ஒரு கண் மருத்துவர் அவர். 1976இல் மதுரை அண்ணா நகரில் ஒரு வீட்டில் பதினொரு படுக்கைகளைப் போட்டு அரவிந்த் என்ற கண்ணாஸ்பத்திரியைத் தொடங்கினார். அவர் பெயர் கோவிந்தப்ப வெங்கடசாமி. உலகம் அவரை டாக்டர் வி என்று அழைத்தது.

*

எட்டயபுரம் பக்கத்தில் வடமலாபுரம் என்றொரு கரிசல் கிராமம். அங்கே 1918 அக்டோபர் 1ஆம் தேதி ஒரு விவசாயக் குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார் வெங்கடசாமி. ஆற்று மணலைப் பரப்பி அதில் விரலால் எழுதிப் படித்த காலம். அவருக்குப் பத்து வயது ஆகுமுன்பே உறவுக்காரப் பெண்கள் மூன்று பேர், அக்கா தங்கை முறையானவர்கள், பேறுகாலத்தை ஒட்டி அடுத்தடுத்து இறந்துபோனார்கள். ஊரில் மருத்துவர் இல்லை. தான் மருத்துவராக வேண்டும், அதுவும் பிரசவம் பார்க்கும் மருத்துவராக வேண்டும் என்று அந்தச் சிறுவன் தீர்மானித்தது அப்போதுதான்.

மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல், பிறகு சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி. 1944இல் பட்டம் பெற்றதும் ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். போர் முடிந்த சில ஆண்டுகளிலேயே முடக்குவாதம் அவரைப் பிடித்துக்கொண்டது. சாதாரண மூட்டுவலி என்று நினைத்துவிடக் கூடாது. உடம்பின் மூட்டுகள் ஒவ்வொன்றாக வீங்கி இறுகின. விரல்கள் கோணி முறுக்கிக்கொண்டு நிரந்தரமாக அப்படியே நின்றுவிட்டன. மாதக்கணக்கில் படுத்த படுக்கை. 1948இல் ராணுவம் அவரை விடுவித்தது. நெடுநேரம் நின்று பிரசவம் பார்க்கும் வேலை இனி ஆகாது என்பது உறுதியாகிவிட்டது.

வேறொருவராக இருந்தால் மாத்திரை எழுதிக்கொடுக்கும் வைத்தியத்தோடு அமைந்திருப்பார். இவரோ கண் மருத்துவத்தை எடுத்துப் படித்தார். உடம்பிலேயே மிக நுட்பமான அறுவை கண்ணில் செய்யும் அறுவைதான். நூலளவு பிசகினாலும் பார்வை போய்விடும். கோணிப்போன அந்த விரல்களுக்குக் கத்தியைப் பிடிக்கப் பழக்கினார். தம் கைக்கு ஏற்றபடி கருவிகளையும் அமைத்துக்கொண்டார். அந்தக் கைகளால் அவர் தம் வாழ்நாளில் செய்த கண் அறுவைகள் ஒரு லட்சத்துக்கும் மேல். அவருடைய கைகளின் புகைப்படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த எண்ணிக்கையை நம்ப சற்று நேரம் பிடிக்கும்.

1956 முதல் இருபது ஆண்டுகள் மதுரை மருத்துவக் கல்லூரியிலும், ஊர்க்காரர்கள் பெரியாஸ்பத்திரி என்று சொல்லும் எர்ஸ்கின் மருத்துவமனையிலும் கண் மருத்துவத் துறைக்குத் தலைவராக இருந்தார். பின்னாளில் அரவிந்தில் நடந்தவற்றுக்கெல்லாம் விதை அங்கேதான் விழுந்தது. வரலாறு எழுதுபவர்கள் பலர் 1976இலிருந்து தொடங்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1960லேயே அரசு மருத்துவர்களைக் கூட்டிக்கொண்டு கிராமங்களுக்குப் போய்க் கண் முகாம் நடத்தியவர் அவர். 1966இல் பார்வையற்றோருக்கு மறுவாழ்வு மையம், 1973இல் கண் மருத்துவ உதவியாளர்களுக்குப் பயிற்சி வகுப்பு. எல்லாமே அரசு வேலையில் இருந்தபடி, அரசு விதிகளுக்குள் நின்று செய்தவை. 1973இல் அவருக்குக் கிடைத்த பத்மஸ்ரீ இந்த அரசு மருத்துவருக்குத்தான். அரவிந்த் அப்போது பிறக்கவே இல்லை.

இடையில் 1965இல் நியூயார்க்கில் ஒரு மாநாட்டில் சர் ஜான் வில்சனைச் சந்தித்தார். பன்னிரண்டு வயதில் பள்ளி ஆய்வகத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் இரு கண்களையும் இழந்தவர் வில்சன். காமன்வெல்த் நாடுகளின் பார்வையற்றோருக்காக ஒரு சங்கத்தை நிறுவி ஊர் ஊராகப் போய்வந்தவர். பார்வையிழப்பில் பெரும்பகுதி தடுக்கக்கூடியது, அதைத் தடுக்காமல் விடுவது குற்றம் என்ற எண்ணத்தில் இருவரும் ஒன்றுபட்டார்கள். அந்த நட்பு கடைசிவரை நீடித்தது.

*

1976இல் ஓய்வு. அதே ஆண்டு இந்திய அரசும் பார்வையிழப்புத் தடுப்புக்கென்று ஒரு தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. தேவை எவ்வளவு பெரிது என்பதற்கு அதுவே சாட்சி. 1980களின் பிற்பகுதியில் நாடளவில் எடுத்த கணக்கில், பார்வையிழந்தோரில் ஐந்தில் நான்கு பேருக்குக் காரணம் கண்புரை என்று தெரியவந்தது. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயதாக ஆக வெளுத்து மங்குவதுதான் புரை. தென்மாவட்டத்துக் கிழவிகள் "கண்ணுல பொரை விழுந்திருச்சு" என்று சொல்லிவிட்டுத் திண்ணையோடு முடங்கிப்போவார்கள். வயசானால் அப்படித்தான் என்று வீடும் விட்டுவிடும். ஒரு சிறிய அறுவை போதும், அவர்கள் மறுநாளே எழுந்து நடமாடலாம். அந்த அறுவைதான் அவர்களுக்கு எட்டாத தூரத்தில் இருந்தது.

வெங்கடசாமி வங்கியை அணுகினார். ஓய்வுபெற்ற மனிதர், காசில்லாதவர்களுக்கு வைத்தியம் பார்க்கப் போகிறேன் என்கிறார். எந்த வங்கி கடன் கொடுக்கும்? குடும்பம் கைகொடுத்தது. வீட்டுப் பெண்களின் நகைகள் அடகுக்குப் போயின. அவர் திருமணம் செய்துகொள்ளாதவர். மூத்தவர் என்ற முறையில் தம்பி தங்கைகளைப் படிக்கவைத்து ஆளாக்கியிருந்தார். அண்ணன் கேட்டால் இல்லை என்று சொல்ல அந்த வீட்டில் ஆள் கிடையாது.

கடைசித் தங்கை டாக்டர் நாச்சியாரும் அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமியும் கண் மருத்துவர்கள். நம்பெருமாள்சாமியின் தங்கை டாக்டர் விஜயலட்சுமி, அவர் கணவர் டாக்டர் எம். சீனிவாசன் ஆகியோரும் வந்து சேர்ந்தார்கள். வெங்கடசாமியின் தம்பி ஜி. சீனிவாசன் பொறியாளர், கட்டடமும் கணக்கும் அவர் பொறுப்பு. ஒரு செங்கல்கூட வீணாகக் கூடாது என்று நிற்பவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். அரவிந்தின் சிக்கனத்துக்கு அவர்தான் இலக்கணம் வகுத்தவர். டாக்டர்களின் புகழில் இந்தப் பொறியாளரின் பெயர் அடங்கிப்போய்விட்டது என்பதால் இங்கே அழுத்திச் சொல்கிறேன். வெங்கடசாமி மருத்துவமனையிலிருந்து சம்பளம் எடுத்துக்கொண்டதில்லை. ஓய்வூதியத்தில்தான் கடைசிவரை வாழ்ந்தார்.

மருத்துவமனைக்கு வைத்த பெயர் ஸ்ரீ அரவிந்தரின் பெயர். இளமையில் காந்தியின் பக்கம் சாய்ந்த மனம், பிறகு புதுச்சேரி ஆசிரமத்தின் பக்கம் ஈர்க்கப்பட்டது. வேலையே தவம் என்ற அரவிந்தரின் யோக நெறியை அவர் பேச்சாக வைத்துக்கொள்ளவில்லை. அறுவை அறைக்குள் கொண்டுபோனார்.

1977இல் இன்னொரு 30 படுக்கைகள் சேர்ந்தன. 1978இல் 70 படுக்கைகளோடு இலவசப் பிரிவுக்கென்று தனி இடம். பெரிய கட்டடத்தை ஒரேயடியாகக் கட்டவில்லை. நோயாளிகள் கொடுத்த கட்டணத்தில் மிஞ்சியதை வைத்து ஒரு தளம், அதில் மிஞ்சியதை வைத்து அடுத்த தளம். அப்படி வளர்ந்த கட்டடம் 1981இல் 250 படுக்கைகளோடு திறக்கப்பட்டது. 1984இல் 350 படுக்கைகள் கொண்ட இலவச மருத்துவமனை எழுந்தது. 1985இல் தேனி, 1988இல் திருநெல்வேலி, 1997இல் கோயம்புத்தூர், 2003இல் புதுச்சேரி.

*

இது எப்படி நடந்தது? கொடை வரலாற்றில் ஒரு புதிய திருப்பம் இங்கேதான் இருக்கிறது என்பதால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

கண் அறுவையில் மிகவும் அரிதான பொருள் மருத்துவரின் நேரம் என்று வெங்கடசாமி கணக்குப் போட்டார். மருத்துவர் மட்டுமே செய்யக்கூடிய வேலை சில நிமிடங்கள்தான். நோயாளியைத் தயார்ப்படுத்துவது, கண்ணை மரத்துப்போகச் செய்வது, அளவெடுப்பது, கட்டுப்போடுவது, தைரியம் சொல்வது எல்லாவற்றையும் நன்கு பயிற்சி பெற்ற செவிலியர் செய்யலாம். ஆகவே ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒரு மேசையில் அறுவை நடக்கும்போதே அடுத்த மேசையில் அடுத்தவர் தயாராகப் படுத்திருப்பார். முதல் அறுவை முடிந்ததும் நுண்நோக்கி அந்தப் பக்கம் திரும்பும், மருத்துவரும் திரும்புவார். ஒரு மணி நேரத்தில் ஆறு முதல் எட்டு அறுவைகள் வரை முடியும். நாட்டின் மற்ற இடங்களில் ஒரு கண் மருத்துவர் ஓராண்டில் சில நூறு அறுவைகள் செய்துகொண்டிருந்தபோது, அரவிந்தின் மருத்துவர் இரண்டாயிரத்தைத் தொட்டார். அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் கடைகளைப் பார்த்து அவர் வியந்ததும் இதற்காகத்தான். எந்த ஊரில் எந்தக் கடைக்குப் போனாலும் ஒரே தரம். சாதாரண இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து அந்தத் தரத்தைக் காக்க முடிகிறது. ரொட்டிக்கு முடிவது பார்வைக்கு ஏன் முடியாது என்று போகுமிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

வேகம் கூடினால் தரம் குறையும் என்று யாருக்கும் தோன்றும். அரவிந்த் தன் அறுவைகளில் நேரும் சிக்கல்களை ஒன்றுவிடாமல் பதிவுசெய்து, பிரிட்டனின் தேசியக் கணக்கோடு ஒப்பிட்டு வெளியிட்டது. மதுரைக்காரர்களின் கணக்கு பிரிட்டனுக்குச் சளைத்ததாக இல்லை. பல இனங்களில் மேலாகவே இருந்தது. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் கைக்குத் தேர்ச்சி கூடத்தான் செய்யும்.

இனி பணம். கட்டணம் கொடுத்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு பிரிவு, இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ பார்ப்பவர்களுக்கு ஒரு பிரிவு. அறுவைகளில் பாதிக்கு மேல் இரண்டாவது வகை. அப்படியும் மருத்துவமனை நட்டத்தில் ஓடவில்லை. அன்றாடச் செலவுக்கு யாரிடமும் நன்கொடை கேட்காமல், மிச்சம் பிடித்து, அந்த மிச்சத்தில் அடுத்த ஊரில் மருத்துவமனை கட்டியது. மருத்துவர்கள் இரண்டு பக்கமும் முறைவைத்துப் போகிறார்கள். இந்த வாரம் கட்டணப் பிரிவில் அறுவை செய்தவர் அடுத்த வாரம் இலவசப் பிரிவில். வேறுபாடு படுக்கும் இடத்தில்தான். அங்கே குளிர்சாதன அறை கிடைக்கும், இங்கே கூடத்தில் பாய். பாயில் படுக்கவைப்பதைக் குறைசொன்னவர்கள் உண்டு. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. வீட்டில் பாயில் படுப்பவருக்குப் பாயில் தூக்கம் வரும். அவர் கண்ணைத் தொடும் கை யாருடையது என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் கருதுவது ஒன்று உண்டு. மேலாண்மை நூல்கள் இதற்கு அதிகம் இடம் கொடுப்பதில்லை. யார் ஏழை என்பதை அரவிந்தில் யாரும் விசாரிப்பதில்லை. வருமானச் சான்றிதழ் வேண்டாம், தாசில்தார் கையெழுத்து வேண்டாம், கவுன்சிலரின் சிபாரிசுக் கடிதம் வேண்டாம். எந்த வாசலில் நுழைவது என்பதை வருபவரே முடிவுசெய்துகொள்கிறார். வசதி உள்ளவர் இலவச வாசலில் நுழைந்துவிட்டால்? நுழைந்துவிட்டுப் போகட்டும் என்பதுதான் அவர்கள் நிலை. நம் நாட்டில் இலவசமாக ஒன்றைப் பெறுவதற்கு ஒரு மனிதன் எத்தனை மேசைகளின் முன் கைகட்டி நின்று தன் இல்லாமையை எடுத்துச்சொல்ல வேண்டியிருக்கிறது என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். பழைய கொடைகளில் பலவற்றில்கூடச் சாதி பார்த்துப் பந்தி பிரித்தார்கள். இங்கே கேள்வியே இல்லாத ஒரு வாசல் திறந்து கிடக்கிறது. இந்தத் தொடரில் நாம் பார்த்த எந்தக் கல்வெட்டிலும் இப்படி ஒரு ஏற்பாட்டை நான் படித்ததில்லை.

*

ஆனால் வாசல் திறந்திருந்தால் மட்டும் ஆட்கள் வந்துவிடுவார்களா? வரவில்லை. அரவிந்த் இதைத் தாமதமாகத்தான் முழுமையாக உணர்ந்தது. உணர்ந்ததை மறைக்காமல் எழுதியும் வைத்தது.

முகாம்கள் ஊர் ஊராக நடந்தன. அரிமா சங்கம், ரோட்டரி, சர்க்கரை ஆலை, உள்ளூர் வணிகர் என்று யாராவது பொறுப்பெடுத்துக்கொள்வார்கள். தண்டோராவும் ஒலிபெருக்கியும் ஊரைக் கூட்டும். தொடக்கத்தில் பள்ளிக்கூட அறைகளிலேயே அறுவை செய்ததுண்டு. பிறகு, புரை முற்றியவர்களைப் பேருந்தில் ஏற்றி மருத்துவமனைக்கே கூட்டிவந்து, அறுவை முடித்துத் திரும்பக் கொண்டுவிடும் முறை வந்தது. அறுவை மட்டும் இலவசம் என்றிருந்த காலத்தில், அறுவை வேண்டும் என்று குறித்துக்கொடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் வரவே இல்லை. ஏன் என்று வீடுவீடாகப் போய் விசாரித்தபோது விவரம் தெரிந்தது. பேருந்துக் கட்டணம் யார் கொடுப்பது? துணைக்கு வரும் மகனுக்கோ மருமகளுக்கோ அத்தனை நாள் கூலி போய்விடுமே? அங்கே சாப்பாட்டுக்கு என்ன செய்வது? அதன் பிறகுதான் போக்குவரத்தும் சாப்பாடும் இலவசத்தில் சேர்ந்தன. ஒரே ஊர்க்காரர்களைக் கூட்டமாக அழைத்துவந்ததால் துணைக்கு ஆள் தேவைப்படவில்லை, ஒருவருக்கொருவர் துணையானார்கள்.

அப்படியும் போதவில்லை. அரவிந்தின் ஆட்களும் பங்குகொண்டு 1999இல் வெளியான ஓர் ஆய்வு, கிராமங்களில் கண் குறையோடு இருந்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேர்கூட முகாமுக்கு வரவில்லை என்று காட்டியது. கால் நூற்றாண்டாக முகாம் நடத்திப் பேர்வாங்கிய ஒரு நிறுவனத்துக்கு இந்த எண்ணிக்கை எவ்வளவு வலித்திருக்கும்! 2004க்குப் பிறகு சிற்றூர்களில் நிரந்தரமாக இயங்கும் பார்வை மையங்கள் திறக்கப்பட்டது இதன் விளைவுதான். ஒரு சிறிய வாடகை இடம், கண்ணைச் சோதிக்கும் கருவி, பயிற்சி பெற்ற ஒரு பெண், இணையம் வழியாக மருத்துவமனையிலிருந்து பேசும் மருத்துவர். தேனிப் பக்கம் மலைகளுக்கு நடுவே இணைய இணைப்பு கிடைக்காத காலத்தில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் வந்து நெடுந்தூர வைஃபை அமைத்துக் கொடுத்தார்கள். அப்போது கட்டணம் பத்து ரூபாய், இருபது ரூபாய் என்ற அளவில் இருந்தது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுக் கிளம்பி, கண்ணைக் காட்டிவிட்டு, மதியச் சோற்றுக்கு வீடு திரும்பலாம்.

லென்ஸின் கதையும் இதே போலத்தான். முன்பெல்லாம் புரை விழுந்த லென்ஸை எடுத்துவிட்டுச் சோடாபுட்டிக் கண்ணாடி ஒன்றை மாட்டிவிடுவார்கள். வயலில் குனிந்தால் விழுந்து உடையும். உடைந்தால் பழையபடி இருட்டு. கண்ணுக்குள்ளேயே பொருத்தும் லென்ஸ் 1980களில் பரவலாக வந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு லென்ஸின் விலை நூறு டாலரை ஒட்டி இருந்தது. ஏழை நாடுகளுக்கு இதெல்லாம் ஒத்துவராது, கண்ணாடியே போதும் என்று வெளிநாட்டு நிபுணர்கள் பலர் அறிவுரை சொன்னார்கள். பணம் உள்ளவருக்கு ஒரு கண், இல்லாதவருக்கு வேறொரு கண்ணா? அரவிந்த் அதை ஏற்கவில்லை. சேவா அறக்கட்டளையும் டேவிட் கிரீன் என்ற அமெரிக்கரும் துணைநிற்க, 1992இல் மதுரையிலேயே ஆரோலேப் தொடங்கப்பட்டது. தொடக்கத்திலேயே விலை பத்து டாலர் அளவுக்கு இறங்கியது, பிறகு இன்னும் குறைந்தது. அந்த லென்ஸ் இன்று நூறுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. அதே 1992இல், அரிமா சங்கத்தின் உதவியோடு லைக்கோ என்ற பயிற்சி நிறுவனமும் உருவானது. தன் தொழில் ரகசியத்தை எவரும் வந்து கற்றுப்போகலாம் என்று கதவைத் திறந்துவைத்தது அது. இந்தியாவிலும் வெளிநாடுகளிலுமாக முந்நூறுக்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் அங்கே வந்து கற்றுக்கொண்டு போயிருக்கின்றன.

*

இப்போது பாராட்டுகளுக்கு வருவோம். அரவிந்தைப் போலச் சமூகப் பணியைத் தொழில்முறையில் நடத்துவதைக் குறிக்கும் சமூகத் தொழில்முனைவு என்ற தொடர் உலக வழக்கில் ஊன்றியது 1980களில்தான். அத்தகைய தொழில்முனைவோரைத் தேடிப்பிடித்து ஆதரிக்க அமெரிக்காவில் பில் டிரேட்டன் அசோகா அமைப்பைத் தொடங்கியது 1980இல். அரவிந்துக்கு அப்போது நான்கு வயது. 1993இல் ஹார்வர்டு வணிகப் பள்ளி அரவிந்தைப் பாடமாக எழுதியது. கோயம்புத்தூரில் பிறந்த சி.கே. பிரகலாத் 2004இல் வெளியிட்ட தம் புகழ்பெற்ற நூலில் அதற்கு இடம் கொடுத்தார். வங்கி கடன் மறுத்த மனிதரின் திட்டத்தை உலகத்து வணிக மாணவர்களெல்லாம் படிக்கத் தொடங்கினார்கள்.

2006 ஜூலை 7ஆம் தேதி வெங்கடசாமி மறைந்தார். வயது 87. அந்த ஆண்டின் இறுதியில் முகமது யூனுஸுக்கும் கிராமின் வங்கிக்கும் அமைதிக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஏழைகளோடு சேர்ந்து தொழில்முறையில் இயங்கும் நிறுவனங்களை உலகம் மேடையேற்றத் தொடங்கிய தருணம் அது. அடுத்த சில ஆண்டுகளில் அரவிந்தைத் தேடியும் விருதுகள் வரிசையாக வந்தன. 2007இல் போர்ச்சுகலின் ஷம்பாலிமோ பார்வை விருது, 10 லட்சம் யூரோ. 2008இல் உலக நலத்துக்கான கேட்ஸ் விருது, 10 லட்சம் டாலர். 2010இல் கான்ராட் ஹில்டன் மனிதநேயப் பரிசு, 15 லட்சம் டாலர். அதே 2010இல் டைம் இதழின் நூறு பேர் பட்டியலில் டாக்டர் நம்பெருமாள்சாமி இடம்பெற்றார். அந்தக் காலகட்டத்தில் அரவிந்த் ஓராண்டில் பார்த்த வெளிநோயாளிகள் ஏறத்தாழ 25 லட்சம், செய்த அறுவைகள் 3 லட்சம்.

பெரிய விருதுகள் மூன்றும் அவர் மறைந்த பிறகு வந்தன என்று வருத்தப்படுபவர்கள் உண்டு. எனக்கு அந்த வருத்தம் இல்லை. நிறுவியவர் போன பிறகும் நிறுவனம் முன்பைவிட அதிகமாக வேலை செய்துகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, நிறுவனத்தின் பெயருக்கே கொடுத்த விருதுகள் அவை. பச்சையப்பரின் உயிலுக்கு அரை நூற்றாண்டு வழக்குமன்றம் தேவைப்பட்டது. இங்கே அறுவை வேலை தடைபடாமல் தொடர்ந்தது. வெங்கடசாமியைப் போற்ற இதைவிடப் பொருத்தமான காலம் வேறு ஏது?

எனக்குக் குறை வேறொன்று. விருது மேடைகளில் டாக்டர்களின் பெயர்கள் ஒலித்தன. அரவிந்தின் ஊழியர்களில் பாதிக்கு மேற்பட்டோர் டாக்டர்கள் அல்லர், சிஸ்டர்கள். பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்கள். தென்மாவட்ட ஊர்களிலிருந்து, பெற்றோரையும் உட்காரவைத்துப் பேசித் தேர்ந்தெடுத்து, இரண்டாண்டு பயிற்சி கொடுத்து வேலையில் அமர்த்துகிறார்கள். மதிப்பெண் பட்டியலைவிட, வயதானவர்களிடம் பொறுமையாகப் பேசுவாளா, விவசாய வேலையின் கஷ்டம் தெரிந்த வீட்டுப் பெண்ணா என்பதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். மருத்துவர் ஓராண்டில் இரண்டாயிரம் அறுவை செய்ய முடிகிறதென்றால், அந்த இரண்டாயிரத்தில் ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் இந்தப் பெண்களின் கைகள் இருக்கின்றன. பயந்து நடுங்கும் தாத்தாவிடம் "ஒண்ணும் ஆகாது தாத்தா, கண்ணை மட்டும் அசைக்காம இருங்க" என்று சொல்வது அவர்கள்தான். பலர் சில ஆண்டுகள் வேலை பார்த்து, சேமித்து, கல்யாணமாகிப் போய்விடுகிறார்கள். அவர்கள் இடத்துக்கு அடுத்த அணி வருகிறது. வேலை கடினமானது, நேரம் நீளமானது. அரவிந்தின் சாதனையை எண்ணிக்கையில் சொல்லும் ஒவ்வொருவரும் அந்த எண்ணிக்கையில் இவர்களுக்குள்ள பங்கையும் சொல்ல வேண்டும். பொருளாதார அறிஞர்கள் வியக்கும் அந்தக் குறைந்த செலவுக்கு முதல் காரணம் இவர்கள் உழைப்பு. அவர்களுக்குக் கிடைக்கவேண்டிய ஊதியமும் மதிப்பும் அந்த வியப்புக்கு ஈடாக இருக்கிறதா என்பதைக் கேட்கும் கடமை விருது கொடுப்பவர்களுக்கும் உண்டு என்று நினைக்கிறேன்.

இந்தப் பெண்களுக்கான பயிற்சியைத் தொடங்கி, பாடத்திட்டம் வகுத்து, பல பத்தாண்டுகள் நடத்தியவர் டாக்டர் நாச்சியார். அண்ணன் கேட்டதற்காக வந்த தங்கை. 1976இல் பகலில் மருத்துவக் கல்லூரி வேலையையும் மற்ற நேரத்தில் அரவிந்தையும் சேர்த்துச் சுமந்தவர். அண்ணனுக்குப் பத்மஸ்ரீ கிடைத்து ஐம்பத்தொரு ஆண்டுகள் கழித்து, 2024இல் அவருக்கும் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

அதே மதுரைப் பக்கத்தில் அழகர்கோயில் அடிவாரத்து வயல்களில் கூலிக்கு நாற்று நட்ட பெண் ஒருவர், பள்ளிக்கூடம் போகாதவர், களஞ்சியம் என்ற பெயரில் பெண்களின் சிறுசேமிப்பு இயக்கத்தை வளர்த்தெடுத்தார். 2001இல் தில்லியில் விருது கொடுக்க வந்த பிரதமர் வாஜ்பாய் குனிந்து அவர் காலைத் தொட்டு வணங்கினார். சின்னப்பிள்ளையின் கதை அடுத்த பகுதியில்.

(தொடரும்)